மூன்று மானிட்டருக்கு ஆர்டிஎக்ஸ் எதற்கு?

கேள்வி: வீட்டிலிருந்து ஆப்ஷன்ஸ் டிரேடிங் செய்கிறேன். மூன்று மானிட்டர் வைக்கப்போகிறேன். ஐ9 பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டும் இருந்தால்தான் ஆர்டர் வேகமாகப் போகும் என்கிறார் எனக்குப் பயிற்சி தருபவர். கடையையும் அவரே சொல்லிவிட்டார். வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வேண்டாம். கடையையும் அவரே சொன்னார் என்றால், அதில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் பட்டனை அழுத்தியதும் ஆர்டர் இணையம் வழியாக புரோக்கர் சர்வருக்குப் போகிறது. அங்கே மார்ஜின், அதாவது ஆர்டருக்கு வேண்டிய பணம் உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். இந்த வழியில் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு வேலையும் இல்லை. எக்ஸ்பைரி (ஆப்ஷன் ஒப்பந்தம் முடியும் நாள்) அன்று புரோக்கர் ஆப் தொங்கினால் ஐ9 வைத்திருப்பவருக்கும் தொங்கத்தான் செய்யும். அதற்கு ஒரு வருத்த மெசேஜோடு முடித்துக்கொள்வார்கள், நஷ்டம் நம் கணக்கில்.

சார்ட்டுகள் பெரும்பாலும் பிரவுசரில் ஓடுகின்றன. அதற்கு ஆறு கோர் உள்ள இன்டெல் ஐ5 12400 அல்லது ரைசன் 5 7600, 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி இருந்தால் தாராளம். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் இந்த இரண்டு பிராசஸரிலும் உள்ளேயே இருக்கிறது.

இங்கேதான் கடைக்காரர் ஒரு வேலை செய்வார். கொஞ்சம் விலை குறைவு என்று 12400எஃப் கொடுப்பார். கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அப்புறம் "கார்டு போடாமல் டிஸ்ப்ளே வராதுங்க" என்பார். உண்மைதான், ஆனால் அந்த நிலைமையை உண்டாக்கியதே அவர்தான். ஏஎம்டியில் இன்னும் குழப்பம்: ரைசன் 5 5600-இல் எஃப் இல்லை, ஆனாலும் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி-யில் உண்டு. 7600-இல் ஜி இல்லாமலே உண்டு, 7500எஃப்-இல் கிடையாது. பெட்டியில் உள்ள மாடல் நம்பரை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்து மதர்போர்டு. மலிவான போர்டுகள் பலவற்றில் மானிட்டருக்கு இரண்டே போர்ட்தான் இருக்கும். மூன்று உள்ள போர்டாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மூன்று போர்ட் உள்ள சின்ன கார்டு ஒன்று போதும். ஒரு போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டரைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள், இரண்டு திரையிலும் ஒரே படம்தான் தெரியும்.

பழைய கார்டு மலிவாக வந்தாலும் ஜாக்கிரதை. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காகக் கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டிய மைனிங் 2022 செப்டம்பரில் நின்றுபோன பிறகு, ராத்திரி பகலாக ஓடிய கார்டுகள் துடைத்துப் பளபளவென்று சந்தைக்கு வந்தன. "ஐ7 ரீஃபர்பிஷ்டு" என்றால் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். எட்டாவதற்கு முந்தையது பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு ஆகாது.

பில் கேட்டால் "ஜிஎஸ்டி 18 சதவீதம் தனியா வரும்" என்று பயமுறுத்துவார்கள். கட்டிவிடுங்கள். பில் இல்லாமல் வாரண்டிக்குப் போனால் கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் பந்தாக உருள்வீர்கள். நுகர்வோர் ஆணையத்திலும் முதலில் கேட்பது அதைத்தான்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல யுபிஎஸ்ஸும், வேறொரு நிறுவனத்தின் இரண்டாவது நெட் இணைப்பும் வாங்குங்கள். யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரோடு ரூட்டரையும் மறக்காமல் சொருகுங்கள்.