பழைய டிவி வாங்கும்முன் பேனலைப் பாருங்கள்

பழைய ஹெச்டி டிவி வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பேனல்தான், அதாவது படம் தெரியும் திரைப் பகுதி, ஏனென்றால் அது போய்விட்டால் மாற்றும் செலவு பல நேரம் டிவிக்குக் கொடுத்த விலையையே தாண்டிவிடும். முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் நிறப் படங்களை பென்டிரைவில் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கோடு, வேலை செய்யாத செத்த புள்ளி எல்லாம் அதில் தெரிந்துவிடும். வெள்ளையில் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி பட்டை போயிருக்கலாம். விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அரை மணி நேரமாவது ஓடட்டும், சில கோளாறுகள் சூடான பிறகுதான் தலைகாட்டும். அப்புறம் செட்டாப் பாக்ஸ் போன்றவற்றை இணைக்கும் ஹெச்டிஎம்ஐ போர்ட் ஒவ்வொன்றிலும் கேபிளைச் செருகிப் பாருங்கள். 'ஹெச்டி ரெடி' என்றால் திரையில் பெரும்பாலும் 1366×768 புள்ளிகள்தான், ஃபுல் ஹெச்டி என்றால் 1920×1080. இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்காதீர்கள்.