முயல் அழுகிறது, மகன் சிரிக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. தினமும் தூங்கும் முன் கதை படித்துக் காட்டுகிறேன். முடித்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்று கேட்டால், ‘எல்லாருக்கும் பங்கு கொடுக்கணும்’ என்று டக்கென்று சொல்லிவிடுகிறான். மறுநாளே தங்கை கையிலிருந்து பொம்மையைப் பிடுங்குகிறான். நேற்று ஒரு கதையில் முயல் பள்ளத்தில் விழுந்து அழுகிறது, இவனோ விழுந்து விழுந்து சிரிக்கிறான். இரக்கமே இல்லாமல் வளர்ந்துவிடுவானோ?

பதில்: அதெல்லாம் மாட்டான். முயல் தலைகீழாக விழுகிற படம் அவனுக்கு வேடிக்கை, அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது உங்கள் கேள்விதான். தினமும் ‘என்ன தெரிந்துகொண்டாய்’ என்று கேட்டால், பிள்ளை கதையைக் கேட்பதை விட்டுவிட்டு, கடைசியில் ஒப்பிக்க வேண்டிய பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடும். அந்தப் பதிலுக்கும் மறுநாள் பொம்மைச் சண்டைக்கும் சம்பந்தமே கிடையாது.

இன்னொருவர் மனதில் வேறு நினைப்பு ஓடும் என்பதே சின்னப் பிள்ளைகளுக்கு மெதுவாகத்தான் பிடிபடும். 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் ஒரு குட்டிக் கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லெட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பச்சையைத்தான் காட்டின. தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்ற நினைப்பு! நாலு வயதுக்கு மேல்தான், ‘அவன் பார்க்கலையே, நீலத்துலதான் தேடுவான்’ என்று சொல்ல வருகிறது. உங்கள் மகன் இப்போதுதான் அந்தப் படியில் ஏறியிருக்கிறான்.

அதனால் கதை முடிந்த பிறகு கேட்காதீர்கள், நடுவில் கொஞ்சம் நில்லுங்கள். என் மகளும் இந்த வயதில், ஒரு சிறுமியின் காகிதக் கப்பல் மூழ்கும் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தைத் திருப்பவும் இல்லை. சற்று நேரம் படத்தையே பார்த்தவள், ‘இவ ஏன் கையைப் பின்னால வெச்சிருக்கா?’ என்றாள். ‘ஏன்னு நினைக்கிற?’ என்றேன். தன் கைகளையும் அதே மாதிரி பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, ‘கப்பலை எடுக்கணும்னு இருக்கு, ஆனா எட்டாதுன்னு தெரிஞ்சுபோச்சு’ என்றாள். அந்தப் படத்தை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன், அந்தக் கையைக் கவனித்ததே இல்லை.

இதையும் பக்கத்துக்குப் பக்கம் செய்தால் கதை செத்துவிடும், ஒரு கதைக்கு ஒன்றிரண்டு இடம் போதும். அப்புறம், ‘பார், நீயும் தங்கச்சிகிட்ட இப்படித்தான்’ என்று கதையைக் குற்றப்பத்திரிகை ஆக்கிவிடாதீர்கள்; மறுநாள் புத்தகத்தை எடுத்தாலே ஓடிவிடுவான்.

கேள்வி: விலங்குக் கதைகள் நல்லதா, மனிதர்கள் வரும் கதைகளா?

பதில்: டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு மனிதர்களை வைத்தும் சிலருக்கு சட்டை போட்ட விலங்குகளை வைத்தும் படித்துக் காட்டினார்கள். பிறகு தங்கள் ஸ்டிக்கர்களில் எத்தனையை மற்றப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எண்ணினார்கள். மனிதர் கதையைக் கேட்டவர்கள் முன்பைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள், விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அது நடக்கவில்லை. அதற்காக முயலையும் நரியையும் விரட்டிவிட வேண்டாம், ஸ்டிக்கர் கொடுக்க வைப்பதற்காகவா கதை படிக்கிறோம்? ஆனால் தங்கையோடு பொம்மைச் சண்டை மாதிரி ஏதோ ஒன்று மனதில் இருந்தால், அண்ணன் தங்கை வரும் கதைதான் சட்டென்று ஒட்டும்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. நல்ல இலக்கியம் படித்தால் பரிவு தானாக வந்துவிடும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாமே?

பதில்: 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரையைச் சொல்கிறீர்கள் போலிருக்கிறது. இலக்கியக் கதை ஒன்றைக் கொஞ்ச நேரம் படித்ததுமே பிறர் மனதைக் கணிக்கும் திறன் கூடியதாக அது சொன்னது. ஆனால் மற்ற ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. அலமாரி நிறையப் படித்த கல்நெஞ்சக்காரர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவள் படிக்கிற நாவலை நீங்களும் படியுங்கள். அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காத பாத்திரம் எது என்று கேட்டு, அந்த ஆளுக்காக நீங்கள் வக்காலத்து வாங்கிப் பாருங்கள்.