பாரா நின்றவர் சம்பளமும் பில் போட்டவன் சம்பளமும்

கேள்வி:

ஐயா, என் கணவர் கிரேடு 2 காவலர். 2018-ல் வேலைக்குச் சேர்ந்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் என் தம்பி குரூப் 4 தேறி இளநிலை உதவியாளர் ஆனான். இரண்டு வேலைக்கும் கேட்ட படிப்பு பத்தாம் வகுப்புதான். இரண்டு பேருமே பி.காம். இந்தத் தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்து மூன்று நாள் தங்கினான். இவர் கடைவீதி பந்தோபஸ்து முடிந்து மறுநாள் விடிகாலையில்தான் வந்தார். சாப்பிடும்போது சம்பளப் பேச்சு வந்து, இருவரும் செல்போனில் பே ஸ்லிப்பைத் திறந்து பார்த்தார்கள். தம்பிக்குத்தான் அதிகம். அன்றிலிருந்து இவர் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. "ஃபேஸ்புக்ல எழுதப் போறேன், இல்லன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு குரூப் 2 படிக்கப் போறேன்" என்கிறார். எட்டாவது சம்பளக் கமிஷன் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் எங்கள் போலீஸ் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள். இது என்ன நியாயம்? நாங்கள் என்ன செய்வது? அவருடைய பே ஸ்லிப் நகலை இணைத்திருக்கிறேன்.

– பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் தம்பி கட்சி. போலீஸ் அலுவலகம் ஒன்றில் அமைச்சுப் பணியாளனாக, அதாவது எழுத்து வேலை பார்ப்பவனாகச் சேர்ந்து, சம்பள பில் போட்டே ஓய்வு பெற்றவன். மாதம் 20-ஆம் தேதி வாக்கில் பில் வேலை மும்முரமாக இருக்கும். வாசலில் துப்பாக்கியோடு பாரா நிற்பவர் மாறிக்கொண்டே இருப்பார். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவருடைய சம்பளத்தைக் கூட்டிக்கொண்டிருப்பேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே, அவர் அடிப்படைச் சம்பளத்தைவிட என்னுடையது அதிகம் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒருநாள் அவர்களில் ஒருவர் கூண்டுக்குள்ளே எட்டிப் பார்த்து, "சார், எனக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "உங்களுக்கு?" என்றார். பேனா மூடியைத் தேடுவதுபோல மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

ஆகவே உங்கள் கணவரின் கோபம் பொறாமையில்லை, கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பிறந்தது என்று காட்டுகிறேன். அது தெரியாமல் ஃபேஸ்புக்கில் எழுதினாலும் பிரயோஜனமில்லை.

முந்தைய ஊதியத் திருத்தத்தில் இரண்டு பேருக்கும் ஊதியக் கட்டு ஒன்றுதான்: 5,200–20,200. தர ஊதியத்தில்தான் வேறுபாடு. காவலருக்கு 1,900, இளநிலை உதவியாளருக்கு 2,400. வித்தியாசம் வெறும் 500 ரூபாய். 2017 அக்டோபரில் தமிழக அரசு புதிய ஊதியத்தை அறிவித்தபோது எல்லோருக்கும் பழைய சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கினார்கள். கட்டின் தொடக்கமான 5,200-ஓடு தர ஊதியமும் சேர்ந்த காவலரின் 7,100 ரூபாய் 18,200 ஆயிற்று. உதவியாளரின் 7,600 ரூபாய் 19,500 ஆயிற்று. அந்த 500 இப்போது 1,300. அடிப்படைச் சம்பளத்தின் மேல் சதவீதமாக ஏறுவதுதான் அகவிலைப்படி என்பதால், 2025 ஜனவரியின் 55 சதவீதத்தையும் சேர்த்தால் 2,015. இது தொடக்க நிலைக் கணக்கு. இருவருக்கும் வருஷத்துக்கு 3 சதவீதம்தான் இன்கிரிமென்ட், ஆனால் பெரிய தொகையின் 3 சதவீதம் பெரிதாகத்தானே இருக்கும்?

எட்டாவது கமிஷனைப் பற்றிக் குவார்ட்டர்ஸில் பேசுகிறவர்களுக்கு இதையே சொல்லுங்கள். மத்திய அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது மத்திய அரசு ஊழியர்களுக்கான கமிஷன். தமிழக அரசு அதன் பிறகு தன் குழுவைப் போட்டு, தன் அட்டவணையைத் தானே எழுதும். அப்போதும் ஒரே எண்ணால் எல்லோரையும் பெருக்கினால் உங்கள் வீட்டுக்கு நிச்சயம் சம்பளம் கூடும், உங்கள் தம்பி வீட்டுக்கு அதைவிடக் கூடும். எத்தனை சதவீத உயர்வு என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். காவலரை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் உட்காரவைக்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒப்பீட்டுப் பட்டியலும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கேரளத்தில் 31,100, தெலங்கானாவில் 24,280, நமக்கு மட்டும் 18,200 என்று. அதை அப்படியே நம்பிக் கொதிக்க வேண்டாம். அந்த மாநிலங்கள் நமக்குப் பிறகு திருத்தியவை. அதுவரை ஏறிய அகவிலைப்படியை அடிப்படைக்குள்ளேயே சேர்த்துவிட்டன. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் மத்திய ரிசர்வ் போலீஸ் காவலரோடு ஒப்பிடுங்கள். 2016 ஜனவரிதான் அங்கேயும் அடித்தளம், படிப்பும் பத்தாம் வகுப்பு, தொடக்கம் 21,700. அந்த 3,500 ரூபாய் இடைவெளிக்கு என்ன காரணம் என்று கேட்டால் அது நேர்மையான கேள்வி.

ஆனால் சகோதரி, என் மனதை உறுத்துவது 1,300 அல்ல. உங்கள் தம்பி அலுவலகத்துக்கு 10 மணிக்குப் போய் 5:45-க்குக் கிளம்புகிறார், வாரத்துக்கு ஐந்து நாள். மாதம் 22 நாள் என்று வைத்தால் சுமார் 170 மணி நேரம். 19,500-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 114 ரூபாய் சொச்சம். உங்கள் கணவருக்கு 12 மணி நேரம் என்றும், வார ஓய்வு தவறாமல் கிடைத்து 26 நாள் வேலை என்றும் வைப்போம். 312 மணி நேரம். 18,200-ஐ வகுத்தால் 58 ரூபாய். பாதி! வார ஓய்வு கிடைக்காத மாதத்தில் 50 ரூபாய்க்கு வந்துவிடும். தீபாவளிக்கு முதல் நாள் இரவு கடைவீதியில் அவர் விசிலடித்துக்கொண்டு நின்ற நேரத்தின் விலை அதுதான்.

காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-ல் அரசே ஆணை போட்டது. ஓய்வு நாளில் வேலை வாங்கினால் மிகைநேர ஊதியம் தர வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. ஸ்டேஷன் போர்டில் அவர் பெயருக்கு எதிரே ஓய்வு என்று எழுதியிருக்கும். அன்றைக்குத்தான் யாராவது தலைவர் வருவார், திருவிழா வரும், கோர்ட் டியூட்டி வரும்.

இது இன்று நேற்று முளைத்த வாதமில்லை. 1977-ல் அமைந்த தர்ம வீரா தலைமையிலான தேசிய போலீஸ் கமிஷன், 1979-ல் கொடுத்த முதல் அறிக்கையிலேயே காவலரின் சம்பளத்தைத்தான் எடுத்துக்கொண்டது. காவலரைப் பயிற்சியில்லாத கூலியாள் கணக்கில் வைக்காதீர்கள், திறன் பெற்ற தொழிலாளியாகக் கருதிச் சம்பளம் கொடுங்கள் என்றது. 1982-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவரும் ஒரு போலீஸ்காரர்தான். ரண்தீர் சிங் என்ற டெல்லி போலீஸ் டிரைவர், மற்றத் துறை டிரைவர்களுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடுங்கள் என்று கேட்டார். ஜெயித்தார். சம வேலைக்குச் சம ஊதியம் என்று இன்று எல்லாச் சங்கமும் கோஷம் போடுகிறதே, அதற்கு வலுவான சட்டப்பிடி கொடுத்த தீர்ப்பு அது. அவரைச் சுட்டிக்காட்டி வழக்குப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே இரண்டு பேரும் ஓட்டியது வண்டி. இங்கே ஒருவர் ஃபைல் பார்க்கிறார், ஒருவர் ரோட்டில் நிற்கிறார். வேலை வேறு என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். கட்டம் போடுவது ஊதியக் குழுவின் வேலை என்று நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. அப்படியும் 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, காவலர்களுக்கு மற்ற அரசு ஊழியர்களைவிட 10 சதவீதம் கூடுதலாகக் கொடுங்கள், 8 மணி நேர ஷிப்ட் கொண்டுவாருங்கள் என்று சொன்னது. 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சி.டி.செல்வம் தலைமையில் போலீஸ் கமிஷனும் அமைந்தது.

பிறகு ஏன் நகரவில்லை என்றால், என் அனுபவத்தில் அட்டவணையிலும் வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். 2017 அட்டவணையில் முரண்பாடு இருக்கிறது என்று எல்லோரும் கத்தியதும், 2018-ல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சித்திக்கை வைத்து ஒரு நபர் குழு போட்டார்கள். ஆசிரியர் சங்கம், வருவாய்த்துறைச் சங்கம், எங்கள் அமைச்சுப் பணியாளர் சங்கம் என்று ஆளாளுக்குக் கோப்பு தயாரித்துக்கொண்டு நின்றார்கள். காவலருக்கு இங்கே சங்கம் கிடையாது. பக்கத்துக் கேரளத்தில் போலீஸ் அசோசியேஷன் அங்கீகாரத்தோடு இயங்குகிறது. இங்கே அதிகாரிதான் அவருக்காகப் பேச வேண்டும். அதிகாரி நல்லவராக இருந்தாலும், அவருடைய சம்பளமா அது?

இதனால்தான் ஃபேஸ்புக் பேச்சைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதியில்லாமல் சங்கத்தில் சேருவதையும் பத்திரிகைக்கு எழுதுவதையும் தடுக்கிறது. 2 ஆண்டு வரை சிறை என்றும் சொல்கிறது. சிறை வரை போகாது என்றே வைத்துக்கொண்டாலும், 3(பி) சார்ஜ் என்ற துறை ஒழுங்கு நடவடிக்கை ஒன்று போட்டு இன்கிரிமென்டை வெட்டினால் போதும். மாதம் 2,000 ரூபாய்க்காக எழுதப் போய், உள்ளதையும் இழந்தவர்களுக்கு நானே வெட்டு பில் போட்டிருக்கிறேன். போன் உங்கள் கைக்கு வரும்போது பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது என் வேலையில்லை.

மனுவாக எழுதட்டும். தன் பெயரில், ஒரே பக்கம், இன்ஸ்பெக்டர் வழியாக மேலே போகும்படி. பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கூட்டு மனு ஆகிவிடும், அது வேண்டாம். அதே வாசகத்தைப் பத்துப் பேர் தனித்தனியாக அனுப்பினால் பத்து மனு. மேலே சொன்ன 500, 1,300, மணிக்கு 58 – இந்த மூன்று எண்களும் அதில் இருக்கட்டும்; "கஷ்டப்படுகிறோம்" என்ற சொல் ஒரு இடத்திலும் வேண்டாம். உடனே பதில் வராது. மாநிலக் குழு உட்காரும் அன்றைக்குக் கோப்பில் அது கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலையை எழுதிக்கொடுக்கும் யோசனையை அடியோடு விடச் சொல்லுங்கள். எஸ்.ஐ. தேர்வில் துறையில் இருப்பவர்களுக்கென்றே 20 சதவீத இடம் இருக்கிறது. எஸ்.ஐ.யின் தொடக்கம் 36,900. காவலரின் இரண்டு மடங்குக்கு மேல் 500 ரூபாய். பி.காம். படித்தவர், ஸ்டேஷன் வேலை தெரிந்தவர், குரூப் 2 புத்தகத்தை வைத்துவிட்டு இதை எடுக்கட்டும். தேறாவிட்டாலும் பத்து வருஷத்தில் கிரேடு 1, பிறகு ஏட்டு என்று பதவி தானாக ஏறும். உங்கள் தம்பிக்கு அப்படியில்லை, மேலே இடம் காலியானால்தான் நகர முடியும். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், இவரிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்.

கடைசியாக, அந்தப் பே ஸ்லிப். பழக்கதோஷம், வரி வரியாகப் பார்த்தேன். குவார்ட்டர்ஸில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்லிப்பில் வீட்டு வாடகைப்படி வந்துகொண்டிருக்கிறது. அரசு வீட்டில் இருப்பவருக்கு அது கிடையாது. வீடு ஒதுக்கிய மாதமே நிறுத்தியிருக்க வேண்டும். பில் போட்டவர் கவனிக்கவில்லை. ஆடிட்டில் அகப்பட்டால் கொடுத்த மாதம் அத்தனைக்கும் சேர்த்து ரெக்கவரி போடுவார்கள். நாளைக்கே போய் எழுதிக்கொடுத்து, தவணையாகப் பிடித்துக்கொள்ளும்படி கேட்கச் சொல்லுங்கள். ஸ்லிப் நகலைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.