சென்னை பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டன் பிரேக் தொழிற்சாலை எப்படி வாப்கோ ஆகி, இப்போது இசட்.எஃப் ஆனது?

கேட்டவர் கேள்விக்குள் மூன்று கேள்விகளை வைத்திருக்கிறார். டிவிஎஸ் அந்த பிரேக் தொழிலை விற்றுவிட்டதா? விற்றிருந்தால் பங்குச்சந்தையில் இப்போதும் சுந்தரம்-கிளேட்டன் என்றொரு கம்பெனி இருக்கிறதே, அது எது? பழைய லாரிக்கு ஏர் பிரேக் பாகம் வாங்கும்போது எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஆம், கைமாறிவிட்டது. பிரேக்கின் வடிவமைப்பு ஆரம்பத்திலிருந்தே யாருடையதோ, கடைசியில் தொழிற்சாலையும் அவர்களிடமே போய்ச் சேர்ந்தது. அது எப்படி நடந்தது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

1911-இல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம், அதாவது டிவிஎஸ், பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்குப் பெரிய விற்பனை முகவரானது. 1953-இல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது: பாகங்களைப் படிப்படியாக இங்கேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் வண்டி கட்டலாம், பெட்டியில் பாகம் இறக்கிக் கோர்ப்பது மட்டும் போதாது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிவிட்டுக் கிளம்பின. விற்பனை முகவராக இருந்தவர்களுக்கு இது அடி. ஆனால் உள்நாட்டில் லாரி கட்டுகிறவர்களுக்கு சக்கரம், பிரேக், ஸ்டார்ட்டர் எல்லாம் இங்கேயே கிடைத்தாக வேண்டும் என்ற நிலை வந்ததால் ஒரு புதுத் தொழிலும் பிறந்தது.

அதன் விளைவைப் பாடியில் வரிசையாகப் பார்க்கலாம். வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ்-டிவிஎஸ் 1961, பிரேக்ஸ் இந்தியா 1962, சுந்தரம்-கிளேட்டன் 1962, சுந்தரம் ஃபாசனர்ஸ் 1966. ஒரே குடும்பம், ஆனாலும் ஏன் தனித்தனிக் கம்பெனிகள் என்று பலரும் கேட்பதுண்டு. சக்கரத்துக்கு டன்லப், மின்சார பாகத்துக்கு லூகாஸ், ஹைட்ராலிக் பிரேக்குக்கு கிர்லிங், ஏர் பிரேக்குக்கு கிளேட்டன் டிவாண்ட்ர் என்று தொழில்நுட்பம் தந்த பிரிட்டிஷ் கம்பெனி ஒவ்வொன்றும் வேறு. தொழில்நுட்பம் தருபவர் பங்கும் கேட்பார். எல்லாவற்றையும் ஒரே கம்பெனிக்குள் போட்டால் நான்கு கூட்டாளிகளுக்கும் கணக்குத் தீர்க்க முடியாது. பாகத்துக்கு ஒரு கம்பெனி என்பது அந்தக் காலத்தின் நடைமுறைத் தேவை.

கிளேட்டன் டிவாண்ட்ர் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துக் கம்பெனி. பெயரின் பின்பாதி, வேக்குவம் சர்வோ பிரேக்கை உருவாக்கிய பெல்ஜியப் பொறியாளர் ஆல்பெர் டிவாண்ட்ருடையது. இந்தக் கம்பெனி பிற்காலத்தில் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்ற அமெரிக்கக் குழுமத்துக்குப் போனது. அதே அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் 1968-லேயே வாப்கோவை வாங்கியிருந்தது. வாப்கோ என்பது ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் பிட்ஸ்பர்கில் தொடங்கிய வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனியின் சுருக்கப் பெயர். ஆக, பாடித் தொழிற்சாலையின் வெளிநாட்டுக் கூட்டாளி பெயரளவில் கிளேட்டன். பின்னால் நின்றது வாப்கோ. 2008-இல் வாப்கோ என்ற பெயர் வந்தபோது திடீரென்று புதிதாக ஒருவர் நுழைந்தார் என்று நினைப்பது தவறு. உள்ளே இருந்தவர்தான் முன்வாசலுக்கு வந்தார்.

அந்தத் தொழிற்சாலை என்ன செய்தது என்று தெரிந்தால்தான் பிறகு நடந்ததன் காரணம் புரியும். லாரியின் ஏர் பிரேக்கில் என்ஜின் சுழற்றும் கம்ப்ரசர் காற்றை அழுத்தும். ஏர் டிரையர் ஈரத்தை உறிஞ்சும். டேங்கில் சுமார் 8 பார் அழுத்தம் சேர்ந்ததும் அன்லோடர் வால்வு கம்ப்ரசரின் சுமையை இறக்கிவிடும். கால் வைக்கும் இடத்தில் இருக்கும் டூயல் பிரேக் வால்வு, மெக்கானிக்குகள் சொல்லும் டி.பி.வி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் தனித்தனிப் பாதையில் காற்றை விடும். ஒரு பாதை ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். காற்று பிரேக் சேம்பரின் டயாஃப்ரத்தைத் தள்ள, அது ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்ப, ஷூ டிரம்மில் அழுந்தும்.

சேம்பரை டைப் 24, டைப் 30 என்று சொல்வது டயாஃப்ரத்தின் பரப்பைச் சதுர அங்குலத்தில் குறிப்பது. டைப் 24-இல் 8 பார் காற்று முழுதாக ஏறினால் தள்ளுதண்டில் விழும் விசை ஏறக்குறைய 1,250 கிலோ. இவ்வளவு விசையை ஓட்டுநரின் கால் அளந்து விடுவதற்காக வால்வுக்குள் இருப்பது ரப்பர் சீலும் ஸ்பிரிங்கும், துல்லியமாகக் கடைந்த அலுமினிய உடலும்தான். கிளேட்டனிடமிருந்து வந்தது இந்த வால்வுகளின் வரைபடம். இங்கே வளர்ந்தது அலுமினிய வார்ப்பும் கடைசலும். இந்த இரண்டும் பிற்காலத்தில் இரண்டு கம்பெனிகளாகப் பிரியப்போகின்றன.

சுந்தரம்-கிளேட்டன் பிரேக்கோடு நிற்கவில்லை. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டை ஓசூரில் இறக்கியது இதே கம்பெனியின் மொபெட் பிரிவு. பிறகு அந்தப் பிரிவு சுசுகி கூட்டுக் கம்பெனியோடு சேர்ந்தது. சுசுகி 2001-இல் விலகிய பின் அது டிவிஎஸ் மோட்டார் ஆனது. டிவிஎஸ் மோட்டாரின் பெரும்பான்மைப் பங்கு சுந்தரம்-கிளேட்டன் கையில்தான் இருந்தது. அதாவது ஒரே கம்பெனிக்குள் பிரேக், டை காஸ்டிங் எனப்படும் அச்சு வார்ப்பு, இருசக்கர வாகனக் கம்பெனியின் சாவி என்று மூன்றும் இருந்தன. அதில் சுமார் 39 விழுக்காடு வெளிநாட்டு பிரேக் கூட்டாளியிடம். ஃபெரா என்ற பழைய அந்நியச் செலாவணிச் சட்டக் காலத்து 40 விழுக்காடு வரம்புக்குச் சற்றே கீழே இருந்த பங்கு அது.

இடையில் 1998-இல் சுந்தரம்-கிளேட்டன் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியக் கம்பெனி ஒன்றுக்கு அதுவே முதல் முறை. 2002-இல் ஜப்பான் தரப் பதக்கமும் வந்தது. பேராசிரியர் யோஷிகாசு சுடாவின் ஆலோசனையில், வேணு சீனிவாசன் தலைமையில் நடந்த வேலை அது. தமிழில் இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்று கைதட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். உரிமை எங்கே போனது என்று கேட்டால் டெமிங் பரிசு அதற்குப் பதில் சொல்லாது. என் பார்வையில், தொழிற்சாலை நன்றாக நடந்ததால்தான் வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அதன் மேல் ஆசை கூடியது.

இனி பிரிவினை. 2007-இல் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் மூன்றாக உடைந்தது. குளியலறைச் சாமான் தொழில் விற்கப்பட்டது, ஏ.சி. தொழில் டிரேன் என்று பெயர் மாறியது, லாரி பிரேக் தொழில் வாப்கோ என்ற தனிக் கம்பெனியாக நியூயார்க் பங்குச்சந்தையில் ஏறியது. தனியாக வந்த வாப்கோவுக்குப் பிரேக் மட்டும்தான் தொழில். இந்தியாவில் அதன் பணமோ டிவிஎஸ் மோட்டார் பங்கு, வார்ப்பு எல்லாம் கலந்த ஒரு கம்பெனியில் 39 விழுக்காடாகக் கிடந்தது. டிவிஎஸ் தரப்புக்கு எதிர்ச் சங்கடம்: பிரேக்கை விட்டாலும் விடலாம், டிவிஎஸ் மோட்டாரின் சாவி இருக்கும் கம்பெனியில் இன்னொருவரை வைத்திருக்க முடியாது.

தீர்வு 2008 மார்ச்சில் வந்தது. பிரேக் தொழிலை மட்டும் பிரித்து வாப்கோ-டிவிஎஸ் என்ற தனிக் கம்பெனிக்கு மாற்றினார்கள். பழைய 10 ரூபாய் முகமதிப்புப் பங்கு ஒன்று வைத்திருந்தவருக்குச் சுந்தரம்-கிளேட்டனில் ஒரு 5 ரூபாய்ப் பங்கும், வாப்கோ-டிவிஎஸ்ஸில் ஒரு 5 ரூபாய்ப் பங்கும் கிடைத்தன. அந்தக் கணத்தில் இரண்டு கம்பெனியிலும் இரண்டு தரப்பும் பழைய விகிதத்திலேயே இருந்தன. அடுத்து இரு தரப்பும் தங்களுக்கு வேண்டாத பங்கைக் கைமாற்றிக்கொண்டன: வாப்கோவின் சுந்தரம்-கிளேட்டன் பங்கு டிவிஎஸ் பக்கம் வந்தது, டிவிஎஸ்ஸின் பிரேக் பங்கு வாப்கோ பக்கம் போனது. 2009 நடுவில் வாப்கோவின் பிடி சுமார் 75 விழுக்காடு. 2011-இல் பெயரிலிருந்த டிவிஎஸ்ஸும் உதிர்ந்து வாப்கோ இந்தியா ஆனது. சிறு முதலீட்டாளர்களில் சிலர் இரண்டாவது பங்கு வந்ததையே கவனிக்காமல் இருந்தார்கள். தாத்தா பெயரில் பழைய சுந்தரம்-கிளேட்டன் பத்திரம் இருந்தால் வாப்கோ பங்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிவிஎஸ் ஏன் பிரேக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. வைத்திருந்தாலும் வரைபடத்துக்கு வாப்கோவிடம்தான் போக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்ஸை லாரிக்காக வாப்கோ மெர்சிடீஸ் பென்ஸோடு சேர்ந்து 1981-லேயே கொண்டுவந்துவிட்டது. இந்தியாவில் கனரக லாரி, பேருந்துகளுக்கு 2015-இல் ஏ.பி.எஸ் கட்டாயமானது. வால்வை வார்த்துக் கடைவது இங்கே தெரியும். சக்கரத்தின் வேகத்தை சென்சாரில் படித்து நொடிக்குப் பலமுறை காற்றை விட்டுப் பிடிக்கும் மென்பொருள் அங்கே இருந்தது. அதைச் சொந்தமாக உருவாக்கப் பல ஆண்டுச் செலவு ஆகும். விற்றது சரியான கணக்கு என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது பெயருக்குக் காரணம் முழுக்க வெளிநாட்டு பேரம். இசட்.எஃப் 1915-இல் ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ்ஸ்ஹாஃபனில் செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பற்சக்கரம் செய்யத் தொடங்கிய கம்பெனி. 2019 மார்ச்சில் வாப்கோவைப் பங்குக்கு 136.50 டாலர் கொடுத்து வாங்க ஒப்பந்தம் போட்டது. 2020 மே மாத இறுதியில் முடித்தது. இங்கே ஒரு சிக்கல் வந்தது. இசட்.எஃப் 2015-இல் டி.ஆர்.டபிள்யூ என்ற அமெரிக்க வாகன பாகக் கம்பெனியை வாங்கியபோது, அதனோடு சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவின் 49 விழுக்காடும் கைக்கு வந்திருந்தது. கிர்லிங், லூகாஸ், டி.ஆர்.டபிள்யூ என்று கைமாறி வந்த பழைய பங்கு அது. 1962-இல் பாடியில் தனித்தனியே பிறந்த இரண்டு பிரேக் கம்பெனிகளிலும் ஒரே ஜெர்மன் கம்பெனி உட்கார்ந்தால் போட்டி எங்கே என்று இந்தியப் போட்டி ஆணையம் கேட்டது. பிரேக்ஸ் இந்தியா பங்கைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. விளைவாகப் பிரேக்ஸ் இந்தியா முழுமையாக டிவிஎஸ் தரப்பிடமே திரும்பியது.

தாய்க்கம்பெனி கைமாறினால் இங்குள்ள பங்குதாரர்களுக்கும் வெளியேற வாய்ப்புத் தர வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அந்தத் திறந்த விலைக்கோரலில் நிறையப் பேர் பங்கைக் கொடுத்துவிட, இசட்.எஃப்பின் பிடி 93 விழுக்காட்டைத் தாண்டியது. பட்டியலிட்ட கம்பெனியில் 25 விழுக்காடாவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும். எனவே கூடுதலாக வந்ததைத் திரும்பச் சந்தையில் விற்க வேண்டியதாயிற்று. 2022-இல் பெயர் இசட்.எஃப் கமர்ஷியல் வெஹிக்கிள் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இந்தியா ஆனது. பெயர்ப்பலகைக்கே தனி லாரி வேண்டும்.

இரண்டாவது கேள்வி. 2008-க்குப் பிறகு சுந்தரம்-கிளேட்டனில் மிஞ்சியது அலுமினிய டை காஸ்டிங்கும் டிவிஎஸ் மோட்டார் பங்கும். 2023-இல் இவையும் பிரிந்தன. டிவிஎஸ் மோட்டார் பங்கு வைத்திருக்கும் பழைய கம்பெனி டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாறியது. டை காஸ்டிங் போன புதிய கம்பெனி சுந்தரம்-கிளேட்டன் என்ற பழைய பெயரை எடுத்துக்கொண்டது. ஆகவே இன்று சந்தையில் இருக்கும் சுந்தரம்-கிளேட்டன், 1962-இல் பதிவான கம்பெனி அல்ல. ஏர் பிரேக்கும் செய்வதில்லை. இரண்டின் பழைய ஆண்டறிக்கைகளையும் ஒரே கோட்டில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு எங்கோ போய்விடும். அதேபோல வாப்டெக் என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது வெஸ்டிங்ஹவுஸின் ரயில் பிரேக் கிளை, லாரியோடு தொடர்பில்லை.

மூன்றாவது, பாகம். கடையில் பெயரை விடுங்கள். வால்வின் தகட்டிலோ உடலிலோ இருக்கும் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வாப்கோ எண்கள் பத்து இலக்கம், மூன்று மூன்றாகப் பிரித்துக் கடைசியில் ஒன்று. முதல் மூன்று இலக்கம் பாகத்தின் வகையைச் சொல்லும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு ரிலே வால்வுகள் வேறு அழுத்தத்தில் திறக்கலாம். பின்னச்சு முன்னதாகவோ தாமதமாகவோ பிடித்தால் முன்பின் பிரேக்கின் சமநிலை கெடும், ஓர் அச்சின் லைனிங் மட்டும் சீக்கிரம் தேயும்.

வால்வு மாற்றும் முன் டேங்கின் டிரெயினைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் டிரையரின் உறிஞ்சுபொருள் தீர்ந்திருக்கிறது. கறுப்பு எண்ணெய் வந்தால் கம்ப்ரசர் ரிங் தேய்ந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் டிரையர் குப்பியையும் டி.பி.வி கிட்டையும் மட்டும் மாற்றினால் புது ரப்பரும் ஊறிப்போய் சில மாதத்தில் அதே ஒழுக்கு. பின்சக்கர ஸ்பிரிங் பிரேக்கின் பின்பாதியை மட்டும் கிட் போட்டுக் கழற்றப் பார்க்காதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங், அதை அமுக்கியே பூட்டிவைக்கும் கேஜ் போல்ட் இல்லாமல் திறந்தால் ஆளைக் கொல்லும். அதை முழு யூனிட்டாக மாற்றுங்கள். பழையதைப் பழைய இரும்புக்குப் போடும் முன் ஸ்பிரிங்கைச் செயலிழக்கச் செய்யச் சொல்லிக் கொடுங்கள்.