14.2 கிலோவா, 29.5 கிலோவா? – நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கிலோ, யூனிட், கிலோமீட்டர் என்று எண்களைப் பற்றியவை. அவற்றை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டேன். பில், வாரன்டி, ஆன்லைன் ரிட்டர்ன் பற்றி எழுதியவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சிலிண்டர் கொண்டுவரும் தம்பியிடம் எடை போட்டுக் காட்டச் சொன்னேன். கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினார். முள் 28க்கும் 31க்கும் நடுவே ஆடியது. "பாருங்கம்மா, 30 கிலோ இருக்கு" என்று இறக்கிவிட்டார். உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோதானே? எதை நம்புவது? – வாசகி, தருமபுரி

பதில்: இரண்டுமே சரிதான். 14.2 கிலோ என்பது கேஸின் எடை. காலிச் சிலிண்டரின் எடை தனி. அது எல்லாச் சிலிண்டருக்கும் ஒன்றல்ல. 15 கிலோவை ஒட்டி முன்பின் இருக்கும். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றில் அதை எழுதியிருப்பார்கள். உங்கள் சிலிண்டரில் 15.3 என்று இருந்தால், கேஸோடு 29.5 கிலோ வரவேண்டும். 150 கிராம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று விதி விட்டுக்கொடுக்கிறது. எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காமல் "30 இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

அடுத்தது முள் ஆடியது. கொக்கித் தராசுக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங். தன்னை எவ்வளவு விசையோடு கீழே இழுக்கிறார்கள் என்பதைத்தான் அது காட்டும். பொருள் அசையாமல் தொங்கினால் அந்த விசையும் பொருளின் எடையும் ஒன்றே. வெடுக்கென்று மேலே தூக்கும்போது, பொருளை வேகப்படுத்தவும் சேர்த்து ஸ்பிரிங் இழுக்கவேண்டும். நொடிக்கு நொடி ஒரு மீட்டர் வேகம் கூடுகிற மாதிரி தூக்கினாலே போதும், 30 கிலோ 33 கிலோவாகத் தெரியும். ஆகவே தூக்கிய கையோடு படிக்க விடாதீர்கள். ஆட்டம் நிற்கட்டும், முள் கண்ணுக்கு நேராக இருக்கட்டும். தூக்குவதற்கு முன்னால் வெறும் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. கால் கிலோவுக்கு ஒரு கோடு போட்ட தராசில் 150 கிராம் குறைவைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கிலோ, இரண்டு கிலோ திருட்டை அது காட்டிக்கொடுக்கும். அதற்கு அது போதும். எடை போட்டுக் காட்டக் கேட்பது உங்கள் உரிமை, சங்கடப்பட வேண்டாம். குறைவாக இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். ஏஜென்சி கேட்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: நகைக்கடையில் 23.640 கிராம் என்று பில் போட்ட சங்கிலி, வீட்டுச் சமையல் தராசில் 24 கிராம் காட்டுகிறது. பழைய நகையை மாற்றப் போனபோது வேறொரு கடையில் 23.610 என்றார்கள். மூன்றில் எது உண்மை? – வாசகர், கும்பகோணம்

பதில்: வீட்டுத் தராசை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கிராமாகத் தாவும் தராசு அது. 23.5க்கும் 24.5க்கும் இடையில் எது வைத்தாலும் அதற்கு 24தான். அது பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாவு, சர்க்கரைக்குப் போதும்.

இரு கடைகளுக்கும் இடையே உள்ள 30 மில்லிகிராம்தான் யோசிக்க வேண்டிய விஷயம். மூன்று தசமம் காட்டுவதால் மட்டுமே ஒரு தராசு சரியானது என்று ஆகிவிடாது. நுணுக்கமாகக் காட்டுவது வேறு, உண்மையைக் காட்டுவது வேறு. 30 மில்லிகிராம் தப்பான எண்ணையும் மூன்று தசமத்தோடு ஜம்மென்று காட்டலாம். உங்கள் விஷயத்தில் சங்கிலியும் மாறியிருக்கலாம்: கண்ணிகளுக்குள் சேர்ந்த சோப்பும் அழுக்கும் எடையைக் கூட்டும், தேய்மானம் குறைக்கும். பாலிஷ் போட்டிருந்தால் தேய்மானத்தைக் கேட்கவே வேண்டாம்.

தராசுப் பக்கம் பார்க்க வேண்டியவை: தட்டு காலியாக இருக்கும்போது திரையில் பூஜ்யம், தராசின் மட்டக் குமிழி நடுவில், கண்ணாடிக் கூண்டு மூடியிருப்பது. மேலே ஓடும் மின்விசிறியின் காற்று தட்டை அழுத்தினாலே கடைசி இலக்கம் மாறும். அப்புறம், மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை போடவேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. முத்திரைச் சான்றிதழை மக்கள் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் அல்ல.

பயன்படுத்தும் ஊரிலேயே ஏன் தராசைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்குச் சுவையான காரணம் ஒன்று உண்டு. மின்னணுத் தராசும் உள்ளுக்குள் விசையைத்தான் அளக்கிறது. பூமியின் ஈர்ப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டை விடத் துருவத்தில் அரை சதவீதம் அதிகம். டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலேயே சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம் இருக்கிறது. டெல்லியில் சரிசெய்த தராசை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால், 10 பவுன் நகையில், அதாவது 80 கிராமில், ஏறக்குறைய 70 மில்லிகிராம் குறைத்துக் காட்டும். இரண்டு தட்டு, எடைக்கல் வைத்த பழைய தராசில் இந்தத் தொல்லை கிடையாது. இருபுறமும் ஒரே ஈர்ப்பு, கணக்கு நேராகிவிடும்.

கேள்வி: 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் வாங்கலாம் என்கிறார் கணவர். கடையில் 3 கிலோவாட் காட்டுகிறார்கள். கரண்ட் பில் ஒன்றரை மடங்காகிவிடாதா? – வாசகி, கோவை

பதில்: ஆகாது. வாட் என்பது ஆற்றல் செலவாகும் வேகம். பில்லில் வருவது மொத்த ஆற்றல், அதாவது யூனிட். 15 லிட்டர் தண்ணீரின் சூட்டை 30 டிகிரி ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். இதை எந்தக் கம்பெனி ஹீட்டராலும் குறைக்க முடியாது. 2 கிலோவாட் அதை 16 நிமிடத்தில் செய்யும், 3 கிலோவாட் பத்து, பதினோரு நிமிடத்தில் செய்யும். வித்தியாசம் வயரிங்கில்தான்: பெரியது 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பாயின்டும் தனி லைனும் இல்லாத வீட்டில் உங்கள் கணவர் சொல்வதே சரி.

ஸ்டோரேஜ் ஹீட்டரில் இருக்கும் நட்சத்திரம் எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். சூடான தண்ணீர் தொட்டியில் சும்மா கிடக்கும்போது எவ்வளவு சூடு வெளியே கசிகிறது என்பதற்கு. நாள் முழுக்க சுவிட்சைப் போட்டு வைக்கும் வீடுகளுக்கு அது பெரிய விஷயம். குளிக்கும் முன் போட்டு, சுட்டதும் அணைப்பவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

கேள்வி: விடிகாலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்குமாமே? – வாசகர், திருநெல்வேலி

பதில்: பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும், அது நிஜம். ஆனால் தொட்டி தரைக்கு அடியில் இருக்கிறது. வெளியே வெயில் எவ்வளவு அடித்தாலும் ஒரு பகலுக்குள் அங்கே பெரிதாக ஏதும் மாறாது. ஒரு டிகிரி மாறினாலும் 10 லிட்டருக்கு 10 மில்லிதான் கணக்கு. அலாரம் வைத்து எழுந்திருக்க அது போதாது. சந்தேகமென்றால் பங்க்கில் இருக்கும் 5 லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லி வரை முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம்.

கேள்வி: 3 கிலோவாட்-அவர் பேட்டரி உள்ள மின் ஸ்கூட்டர் வாங்கினேன். விளம்பரத்தில் 140 கி.மீ. ஊருக்குள் 100 தாண்டவில்லை. போன வாரம் நானும் மனைவியும் சேலத்திலிருந்து ஏற்காடு போனோம். 100 சதவீதத்தில் கிளம்பி மேலே சேரும்போது 46. முப்பது கி.மீ.க்குப் பாதி பேட்டரி போய்விட்டது! ஷோரூமில் "மலை ஏறினா அப்படித்தான் சார்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? – வாசகர், சேலம்

பதில்: கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். 3 கிலோவாட்-அவர் என்பது 3 யூனிட், நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். வண்டி 120 கிலோ, நீங்கள் இருவரும் 130 கிலோ என்று வைத்தால் மொத்தம் 250. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். 250 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க வேண்டிய ஆற்றல்: 250 × 9.8 × 1,200. ஏறக்குறைய 29 லட்சம் ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக 0.8 யூனிட் தூக்குவதற்கு மட்டுமே போகிறது. மோட்டாரிலும் வயரிலும் சூடாக வீணாவதைச் சேர்த்தால் ஒரு யூனிட். இது போக, டயர் உருள்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் கி.மீ.க்கு 20 வாட்-அவர் வைத்தால் 30 கி.மீ.க்கு 0.6. மொத்தம் 1.6 யூனிட். உங்கள் வண்டி செலவழித்தது 54 சதவீதம், அதுவும் 1.6 யூனிட்தான். ஷோரூம்காரர் சொன்னது உண்மை, காரணத்தையும் சொல்லியிருக்கலாம். ஏற்றிய ஆற்றலில் ஒரு பங்கு, இறங்கும்போது மோட்டார் பிரேக் போட்டால் பேட்டரிக்குத் திரும்பும். முழுதும் வராது.

அந்த 140 பற்றி எனக்குக் கோபம் உண்டு. அது ஐ.டி.சி. என்ற சோதனையில் கிடைத்த தூரம். வண்டியை அறைக்குள் உருளைமேல் நிறுத்தி, குறித்து வைத்த வேகங்களில் ஓட்டுவார்கள். அதில் உச்ச வேகமே 42 கி.மீ.தான். நீங்கள் பைபாஸில் 60இல் போகிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 40க்குப் பதில் 60 என்றால் வேகம் ஒன்றரை மடங்கு, காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. சட்டப்படி சோதனை எண்ணைப் போடுவதில் தவறில்லை. ஆனால் அதைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, நிபந்தனையை எறும்பு எழுத்தில் போடுவது நியாயமான வியாபாரம் இல்லை.

ஊருக்குள் 100 கி.மீ. என்பது கி.மீ.க்கு 30 வாட்-அவர். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் வண்டிக்கு இது மோசமில்லை. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பேட்டரி உண்மையிலேயே தேய்கிறதா என்று தெரிய, ஒரே சாலையில், ஒரே ஆள், ஒரே வேகத்தில் ஓட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் வாரன்டியில் மாற்றித் தருவார்கள் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "வாரன்டி இருக்கு சார்" என்ற வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

கேள்வி: மகன் பைக்கிலிருந்து விழுந்தான். ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட்டில் சிராய்ப்பு மட்டும்தான், விரிசல் இல்லை. தொடர்ந்து போடலாமா? புதிது வாங்கினால் கனமானதாக வாங்க வேண்டுமா? – வாசகர், மதுரை

பதில்: போடக் கூடாது. ஹெல்மெட்டில் வேலை செய்வது வெளி ஓடு மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கும்தான். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை தார்ச்சாலையில் மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால், அதை நிறுத்தும் விசை தலையின் எடையைப் போல 500 மடங்கு. அந்த அடுக்கு நசுங்கி 20 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் 75 மடங்காக இறங்கும். விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால் வரும் கணக்கு இது. ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் பழையபடி உப்பாது. அடுத்த முறை அதே இடத்தில் அடிபட்டால் நசுங்க மிச்சம் இருக்காது. வெளியே பார்த்தால் இது தெரியவும் தெரியாது. ஆளில்லாத ஹெல்மெட் சீட்டிலிருந்து கீழே விழுந்தது என்றால் அவ்வளவு கவலை வேண்டாம். உள்ளே இடிக்கத் தலை இல்லையே.

கனம் பாதுகாப்பு ஆகாது, கழுத்துதான் வலிக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கவேண்டும். 2021 ஜூன் முதல் இரு சக்கர வாகனத்துக்கு முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். சாலையோரத்தில் தொங்கும் தொப்பி மாதிரியானவற்றில் பலவற்றுக்கு உள்ளே வெறும் ஸ்பாஞ்சும் துணியும்தான். வாங்கும் முன் துணியை விலக்கிப் பாருங்கள். பையனையும் கடைக்கு அழைத்துப் போங்கள். வாரை மாட்டியபின் பின்பக்கமிருந்து மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் ஒரு சைஸ் குறைத்து எடுங்கள்.