குளோரினின் ஒப்பு அணு நிறை ஏன் 35.5?

புரோட்டானும் நியூட்ரானும் முழு எண்ணில்தானே இருக்கும், பிறகு அந்த அரை எங்கிருந்து வந்தது என்பது கேள்வி. அருமையான சந்தேகம்.

அரை நியூட்ரான் கிடையாது. வேதாரண்யம் உப்பளத்தில் ஒரு பிடி உப்பை அள்ளினாலும் அதில் இருவகைக் குளோரின் கலந்திருக்கும். இரண்டிலும் 17 புரோட்டான். ஒன்றில் 18 நியூட்ரான், மற்றதில் 20. புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் வருவது நிறை எண்: 35, 37. இவையே ஐசோடோப்புகள். எலக்ட்ரான் அமைப்பு ஒன்றே என்பதால் வினைகளில் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: 35, 37 இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் சம அளவில் இருந்தால்தான் அது சரி. களத்துமேட்டில் நான்கு நெல் மூட்டை; மூன்று 35 கிலோ, ஒன்று 37 கிலோ. மொத்தம் 142, சராசரி 35.5. எந்த மூட்டையும் 35.5 கிலோ இல்லை, கவனியுங்கள்! குளோரினிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று அணு 35, ஒன்று 37.

துல்லியமாக, ஒவ்வொன்றின் உண்மை நிறையையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டினால்: 34.969 × 0.758 + 36.966 × 0.242 = 35.45.

சராசரியிலிருந்து பங்கைக் கண்டுபிடிக்கும் தலைகீழ்க் கணக்கில் 35.45-உடன் நிறை எண்களான 35, 37-ஐப் போட்டால் குளோரின்-35-இன் பங்கு 75.8%-க்குப் பதில் 77.5% என்று தவறாக வரும். நிறை எண் வேறு, உண்மை நிறை வேறு.

விடையில் கிராம் போடாதீர்கள். ஒப்பு அணு நிறை என்பது கார்பன்-12 அணுவின் நிறையில் 12-இல் ஒரு பங்கோடு ஒப்பிட்ட விகிதம். அதற்கு அலகே இல்லை.