கேள்வி – பதில்: தொற்றுநோய் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி

எம்.டி. பொது மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். தொற்றுநோய்த் துறையில் மேற்படிப்புக்கு என்ன வழி? ஓராண்டு ஃபெலோஷிப் போதுமா?
– ஒரு வாசகி, மதுரை

முழுப் பயிற்சி வேண்டுமென்றால் எம்.டி.க்குப் பிந்தைய உயர்சிறப்புப் பட்டமான டி.எம். படிப்புதான்; 3 ஆண்டுகள். வேலூர் சி.எம்.சி. போன்ற கல்லூரிகளுக்கு நீட்-எஸ்.எஸ்., டெல்லி எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். என்ற நுழைவுத் தேர்வுகளை எழுத வேண்டும். நீட்-எஸ்.எஸ்ஸில் 150 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. கேள்விகள் உங்கள் எம்.டி. பாடத்திலிருந்தே வருகின்றன. தொற்றுநோய்ப் பாடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இதயத்தையும் சிறுநீரகத்தையும் விட்டுவிட்டால் ரேங்க் எட்டாது.

மருத்துவமனைகள் தாமாக நடத்தும் ஓராண்டு ஃபெலோஷிப்பில் நல்ல ஆசிரியர் அமைந்தால் நிறையக் கற்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் டி.எம்முக்கு ஈடாகாது. பேராசிரியர் பணியை மனத்தில் வைத்திருப்பவர்கள் சேருமுன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கவுன்சலிங்கில் இடம் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், திருச்சி

கட்டடத்தையும் படுக்கை எண்ணிக்கையையும் பார்க்காதீர்கள். அங்கே இப்போது படிக்கும் சீனியரிடம் கேளுங்கள்: மைக்ரோபயாலஜி ஆய்வகத்துக்குத் தினமும் போகிறீர்களா? கல்ச்சர் தட்டை (கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டு) கண்ணால் பார்க்கிறீர்களா, கணினியில் வரும் ரிப்போர்ட்டை மட்டுமா? ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. சிகிச்சை), காசநோய்ப் பிரிவு, உறுப்பு மாற்று நோயாளிகள், ரத்தப் புற்றுநோய் வார்டு – இந்த நான்கிலும் சுழற்சி உண்டா? உறுப்பு மாற்றே நடக்காத இடத்தில் மூன்று ஆண்டு இருந்தால், பிறகு சைட்டோமெகலோவைரஸையும் பூஞ்சைத் தொற்றையும் தனியாகத் தடுமாறித்தான் கற்க வேண்டியிருக்கும்.

முடிந்தால் ஒருநாள் வார்டில் நின்று, ரத்தம் கல்ச்சருக்கு எடுப்பதைப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலில் 8 முதல் 10 மி.லி. ரத்தம் போக வேண்டும். இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி இரண்டு செட். முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்னால். ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் தடவிய தோல் காயும்வரை காத்திருக்க வேண்டும். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஒரே பாட்டிலில் 3 மி.லி. ஊற்றி அனுப்பும் வழக்கம் இருந்தால், அங்கே ‘கல்ச்சர் நெகட்டிவ்’ என்று வருவதில் பெரிய பொருளில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கற்பவர் ஊகத்தில் மருந்து எழுதவே பழகுவார்.

டி.எம். முதலாண்டு மாணவன். ரிப்போர்ட்டில் எம்.ஐ.சி. எண் எந்த மருந்துக்குக் குறைவோ அதுவே சிறந்தது என்று வார்டில் சொல்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகர், சென்னை

தவறு, மிகப் பரவலான தவறு. எம்.ஐ.சி. என்பது ஆய்வகத்தில் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த செறிவு. ஒவ்வொரு மருந்தும் உடலில் எட்டும் அளவு வேறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கோடும் வேறு.

ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் ரிப்போர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிப்ரோஃப்ளாக்சசின் 0.5, பிப்பராசிலின்-டாசோபாக்டம் 8. எண்ணை மட்டும் பார்த்தால் சிப்ரோ வெல்வதுபோல் இருக்கும். ஆய்வகத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.யின் அளவுகோலில் சிப்ரோவுக்கு 0.25 வரைதான் ‘எஸ்’ (மருந்துக்குக் கட்டுப்படும்). ஆகவே 0.5 என்பது இடைநிலை. பிப்பராசிலினுக்கோ 8 வரை ‘எஸ்’.

அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதே ரிப்போர்ட்டில் செஃப்ட்ரியாக்சோனுக்கு ‘ஆர்’ (மருந்துக்குக் கட்டுப்படாது) என்று இருந்து, கிருமி ரத்தத்தில் வளர்ந்திருந்தால், பிப்பராசிலினுக்கு நேரே இருக்கும் அந்த ‘எஸ்’ஸையும் நம்பக்கூடாது. 2018-இல் வெளியான மெரினோ ஆய்வு இத்தகைய நோயாளிகளைத்தான் பார்த்தது: 30 நாளில் இறந்தவர்கள் பிப்பராசிலின்-டாசோபாக்டம் பிரிவில் 12.3 விழுக்காடு, மெரோபெனம் பிரிவில் 3.7. ரத்தத் தொற்றில் மெரோபெனம் (சிறுநீரகம் நன்றாக இருந்தால் 8 மணிக்கொரு முறை 1 கிராம்) தேர்ந்தெடுப்பது இதனால்தான். அதே கிருமி, காய்ச்சலோ எரிச்சலோ இல்லாதவரின் சிறுநீரில் மட்டும் வளர்ந்திருக்கிறதா? கர்ப்பிணியோ சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சைக்குப் போகிறவரோ இல்லையென்றால், பொதுவாக மருந்தே வேண்டாம். நோயாளியைப் பார்க்காமல் ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் செய்யக்கூடாது என்பதைத்தான் இந்தப் பயிற்சி மூன்று ஆண்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறது.

அமெரிக்காவில் இதே பயிற்சி பெற இங்கே முடித்த எம்.டி. போதுமா?
– ஒரு வாசகி, கோவை

பொதுவாகப் போதாது. யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வை எழுதி, அங்கே 3 ஆண்டு இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி முடித்த பிறகே 2 ஆண்டு தொற்றுநோய் ஃபெலோஷிப். அந்தத் துறையில் ஃபெலோஷிப் இடங்கள் பல ஆண்டுகளாகவே முழுதாக நிரம்புவதில்லை. ஆகவே கடினமான படி ரெசிடென்சிதான்.

மற்ற வார்டு நோயாளிகளைப் பார்த்து நாங்கள் எழுதும் கன்சல்ட் ஆலோசனையை மற்றத் துறையினர் பின்பற்றுவதில்லை. என்ன செய்வது?
– டி.எம். மாணவர், வேலூர் மாவட்டம்

முதலில் உங்கள் குறிப்பைப் படித்துப் பாருங்கள். ‘ஆன்டிபயாடிக்கைக் குறைக்கப் பரிசீலிக்கவும்’ என்று எழுதியிருந்தால் இரவு டியூட்டி டாக்டர் எதையும் மாற்றமாட்டார். மருந்து, அளவு, எத்தனை மணிக்கொரு முறை, எந்தத் தேதியில் நிறுத்துவது – நான்கும் முதல் இரண்டு வரியில் இருக்கட்டும். காரணம் அதன் கீழே. எழுதி முடித்ததும் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து, அது மெதிசிலினுக்குக் கட்டுப்படும் வகை (எம்.எஸ்.எஸ்.ஏ.) என்று தெரிந்த நோயாளிக்கு இப்படி எழுதலாம்: ‘எம்.எஸ்.எஸ்.ஏ. உறுதி. வான்கோமைசினை இன்றே நிறுத்தி, செஃபசோலின் 2 கிராம், 8 மணிக்கொரு முறை. தொற்றுக்குக் காரணமான சென்ட்ரல் லைனை எடுத்துவிடவும். எக்கோ செய்யவும். நாளை மறுநாள் மீண்டும் கல்ச்சர். அது பாசிட்டிவ் என்றால் நெகட்டிவ் ஆகும்வரை தொடரவும். முதல் நெகட்டிவ் நாளிலிருந்து குறைந்தது 14 நாள். இதய வால்விலோ எலும்பிலோ தொற்று இருந்தால் நீளும்.’

வான்கோமைசின் ‘பெரிய மருந்து’ என்ற பயத்தில் அதை மாற்றத் தயங்குவார்கள். எம்.எஸ்.எஸ்.ஏ.வுக்கு அது செஃபசோலினைவிடப் பலம் குறைந்தது என்பதைக் குறிப்பில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். மறுநாள் காலை நீங்களே போய் மருந்து அட்டையைப் பாருங்கள். மாறவில்லை என்றால் வார்டிலேயே அந்த டாக்டரைப் பார்த்துப் பேசுங்கள்.